கடுகுக்குத் தாய்மாமன்

தேன்கனிக்கோட்டையிலிருந்து கெலமங்கலம் போகிற சாலையை ஒட்டி ஒரு கோஸ் தோட்டம். அறுவடை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தலைகளை வெட்டி மூட்டை கட்டி லாரி ஏற்றிவிட்டார்கள். வெறும் கட்டைகள் வரிசை பிசகாமல் நின்றன. உழுவதற்கு டிராக்டர் இன்னும் வரவில்லை போலிருக்கிறது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டையின் பக்கவாட்டிலும், பழைய இலை ஒடிந்த தழும்புக்கு மேலே, நெல்லிக்காய் அளவில் மூன்று நான்கு குட்டிக் கோஸ்கள் துளிர்த்திருந்தன. சில எலுமிச்சை அளவுக்கு உருண்டிருந்தன. இலைமேல் இலை படிந்து, நரம்போடி, பெரிய கோஸைச் சுண்டவைத்து எடுத்த மாதிரி இருந்தது.

“அது ஆட்டுக்குங்க சார்,” என்றார் தோட்டக்காரர். “ஓட்டிவிட்டா ஒரு மணி நேரத்துல மேஞ்சிடும். வேணும்னா நீங்க பறிச்சுக்குங்க.” ஒரு கிலோ தேறும்படி பறித்துப் பையில் போட்டுக்கொண்டேன். கிட்டத்தட்ட இதே உருவத்தைத்தான் பெங்களூருக் கடைகளில் பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி, மேலே பளபளவென்று தாள் சுற்றி, ‘பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்’ என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள்.

நான் பறித்தது அசல் பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் இல்லை, ஆனால் இரண்டும் உருவாகிற விதம் ஒன்றுதான். கோஸ் செடியின் உச்சியிலுள்ள நுனி மொட்டு, ஆக்சின் என்ற வளரூக்கியைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை இலைக்கோணங்களில் இருக்கும் மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். தலையை வெட்டியதும் ஆக்சின் வரத்து நின்றுவிடுகிறது. பெரியவர் கண்ணை மூடியதும் பங்காளிகள் தலையெடுப்பதுபோலக் கோண மொட்டுகள் எல்லாம் கிளம்பிவிடுகின்றன. பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரைச் சுற்றிப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த வகையில், தலை பெரிதாக உருளாது. உயரமான தண்டு நெடுக இந்தக் கோண மொட்டுகளே உருண்டு காயாகும். அறுவடைக்குச் சில வாரம் இருக்கும்போது அங்குள்ள விவசாயிகள் நுனியைக் கிள்ளிவிடுவதும் உண்டு. மொட்டுகள் எல்லாம் ஒரே அளவில் முற்ற வேண்டும் என்பதற்காக.

தமிழில் இதற்குக் களைக்கோஸ் என்று பெயர் இருக்கிறது. கடையில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நம் மாநிலத்தில் இது நீலகிரிப் பயிர். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிய பிறகு அங்கே ஐரோப்பியக் காய்கறிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன; இன்றும் மலையில் அவற்றை ‘இங்கிலீஷ் காய்கறி’ என்றுதான் சொல்கிறார்கள். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். குளிர் கடுமையாகும்போது செடி, செல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்துபோகாமலிருக்கச் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கிறது. பனி பட்ட களைக்கோஸ் இனிப்பாக இருப்பது அதனால்தான். எங்கள் ஊரான தேன்கனிக்கோட்டை கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சமவெளிக்காரர்கள் வந்தால் சால்வை கேட்பார்கள், பக்கத்திலிருக்கும் தளியைக் குட்டி இங்கிலாந்து என்பார்கள், ஆனால் உறைபனி கிடையாது. இங்கே கோஸ், காலிஃபிளவர், கேரட், பீன்ஸ், தக்காளி. களைக்கோஸுக்குப் பக்கத்தில் போகவேண்டுமென்றால் ஆட்டுக்கு விட்ட கட்டையைத்தான் தேடவேண்டும்.

உறவுமுறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். எங்கள் ஊர்ச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தராசில் நிற்கும். கன்னடக்காரர்கள் முட்டைக்கோஸை எலெகோசு என்பார்கள், அதாவது இலைக்கோசு. காலிஃபிளவர், ஹூகோசு, பூக்கோசு. நூக்கல், நவிலுகோசு, மயில்கோசு. காயைப் பார்த்தால் மூன்றுக்கும் சம்பந்தமே தெரியாது. ஆனால் தாவரவியல்படி மூன்றும் ஒரே இனம், பிராசிகா ஒலரேசியா. நுனி மொட்டு பருத்தால் முட்டைக்கோஸ், தண்டு பருத்தால் நூக்கல், பூங்கொத்து பருத்தால் காலிஃபிளவர், கோண மொட்டு பருத்தால் களைக்கோஸ். எல்லாவற்றையும் கோசு என்று ஒரே குடும்பப் பெயரில் கூப்பிட்ட கன்னட நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. (யாழ்ப்பாணத்தில் முட்டைக்கோஸுக்குக் கோவா என்று பெயர். போர்ச்சுகீசியரின் ‘கோவெ’ அங்கே அப்படியே தங்கிவிட்டது.)

கோஸுக்கு இன்னொரு நெருங்கிய உறவு நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. 1935இல், கொரியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்து ஜப்பானில் ஆய்வு செய்துகொண்டிருந்த நாகஹாரு ஊ என்ற விஞ்ஞானி, இந்தக் குடும்பத்துக்கு ஒரு முக்கோணம் வரைந்தார். மூன்று முனைகளில் மூன்று மூல இனங்கள்: டர்னிப் வகை, 20 குரோமோசோம், கருங்கடுகு, 16, கோஸ் வகை, 18. முதல் இரண்டும் இயற்கையில் கலந்து பிறந்ததுதான் 36 குரோமோசோம் கொண்ட இந்தியக் கடுகு. பிற்பாடு வந்த மரபணு ஆய்வுகள் அந்தக் கலப்பில் டர்னிப் வகைதான் தாய் என்று காட்டின. டர்னிப் வகைக்குக் கோஸ் நெருங்கிய உடன்பிறப்பு. நம் முறைப்படி கணக்குப் போட்டால், தாளிக்கிற கடுகுக்குக் கோஸ் தாய்மாமன்.

அன்று வீட்டுக்கு வந்து நான் செய்தது தப்பு. பறித்ததில் பாதியை முழுசுமுழுசாகக் குக்கரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூன்று விசில் விட்டேன். உருளைக்கிழங்குக்குச் சரியான கணக்கு. மூடியைத் திறந்ததும் சமையலறையில் கூமுட்டை உடைந்த நாற்றம். எதிர்வீட்டம்மா ஜன்னல் வழியாக, “சாக்கடை அடைச்சுக்கிச்சா சார்?” என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையிலேயே அக்கறையாகத்தான் கேட்டார். உள்ளே காய் சாம்பல் பூத்த பச்சையில் குழைந்து கிடந்தது. வாயில் வைத்தால் முதலில் கசப்பு, அப்புறம் கந்தகம்.

பறித்து வந்த பையில் அந்த நாற்றம் இல்லையே என்பதுதான் யோசிக்கவேண்டிய விஷயம். பச்சைக் கோஸை முகர்ந்தால் புல்வாசம்தான் வரும். அரிவாள்மனையில் நறுக்க ஆரம்பித்தபிறகு மெல்லிய காரநெடி வரும். கூமுட்டை நாற்றம் அடுப்பில் வைத்து நேரம் கடந்தபிறகுதான் வரும். பின்னிரண்டும் அந்தந்தக் கட்டத்தில் புதிதாக உண்டாகிற பொருள்களின் வாசனை. நறுக்குகிறவரும் வேகவைக்கிறவரும்தான் அவற்றை உண்டாக்குகிறார்கள்.

பாதுகாப்புத் தீப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சித் தலையில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கப்பட்டையில் இன்னொரு மருந்து. தனித்தனியாக இருக்கும்வரை ஆபத்தில்லை, உரசினால்தான் நெருப்பு. கோஸும் கடுகும் இதே ஏற்பாட்டில் வாழ்கின்றன. குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் ஓரிடத்தில், மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்தில். கம்பளிப்புழு கடித்தாலோ, கத்தி பட்டாலோ, அம்மியில் அரைத்தாலோ இரண்டும் சந்திக்கும். நொதி, குளுக்கோசினோலேட்டின் சர்க்கரைப் பகுதியை வெட்டிவிட, மிச்சம் ஐசோதயோசயனேட் என்ற காரப் பொருளாக மாறும். பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் பூசி 1840 வாக்கிலேயே கடுகில் இந்த இரண்டு பொருள்களும் தனித்தனியாக இருப்பதைப் பிரித்துக் காட்டிவிட்டார்.

எங்கள் ஊர்த் தெலுங்கு வீடுகளில் ஆவக்காய் போடுகிறவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். ஆவ என்றால் தெலுங்கில் கடுகு. காய்ந்த கடுகுப்பொடியை முகர்ந்தால் ஒன்றுமில்லை. மாங்காயின் ஈரம் பட்டுச் சற்று நேரம் போனால் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரும். ஈரம் இல்லாமல் நொதி வேலை செய்யாது. மூக்கில் ஏறும் அந்தப் பொருள்களில் ஒன்றான அல்லைல் ஐசோதயோசயனேட் கோஸிலும் உண்டு. களைக்கோஸில் கொஞ்சம் தாராளமாகவே உண்டு. மிளகாயின் காரம் நாக்கோடு நின்றுவிடும். இது ஆவியாகிற காரம், அதனால் மூக்குக்குப் போகிறது.

செடி இவ்வளவு பாடுபடுவது புழுவுக்காக. ஆனால் தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் கோஸ் போடுகிற எந்த விவசாயியிடம் கேட்டாலும் ஒரே பூச்சியைத் திட்டுவார்: வைரமுதுகு அந்துப்பூச்சி. இதன் புழு இலையைச் சல்லடையாக்கிவிடும். தீப்பெட்டி இவனிடம் எடுபடாது. 2002இல் வெளிவந்த ஆய்வொன்று ஏன் என்று காட்டியது. புழுவின் குடலில் ஒரு நொதி இருக்கிறது. அது குளுக்கோசினோலேட்டிலிருந்து சல்ஃபேட்டை முன்கூட்டியே கழற்றிவிடும். குச்சித் தலையை நனைத்துவிட்ட மாதிரி. அப்புறம் மைரோசினேஸ் வந்து உரசினாலும் பற்றாது. அது மட்டுமில்லாமல், மற்றப் பூச்சிகளை விரட்டுகிற அந்த நெடியைப் பிடித்துத்தான் தாய் அந்துப்பூச்சி முட்டையிடச் செடியைத் தேடி வருகிறது. இந்தப் பலவீனத்தை அதற்கே எதிராகத் திருப்பினார்கள் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார். 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. அந்துப்பூச்சி கடுகில் போய் முட்டையிடும். மருந்தை அங்கே மட்டும் அடித்தால் போதும். மருமகன் நின்று மாமனைக் காப்பாற்றுகிறான்.

இப்போது கசப்பு. காரம் வேறு, கசப்பு வேறு. 1990களில் நெதர்லாந்தில், நோவார்ட்டிஸ் விதை நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் வான் டோர்ன் என்ற விஞ்ஞானி களைக்கோஸைச் சுவைப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, கசப்புக்கும் வெறுப்புக்கும் சினிக்ரின், புரோகோய்ட்ரின் என்ற இரண்டு குளுக்கோசினோலேட்கள்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார். 1998இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அதற்குப் பிறகு விதை நிறுவனங்கள் மறந்துபோன பழைய விதைகளைத் தேடியெடுத்து, கசப்புக் குறைந்தவற்றை அதிக விளைச்சல் வகைகளோடு கலந்து புது ரகங்களைக் கொண்டுவந்தன. ஐரோப்பாவில், “சின்ன வயதில் அம்மா அடித்துத் தின்னவைப்பாள், இப்போது எப்படி நன்றாயிருக்கிறது?” என்று நடுத்தர வயதுக்காரர்கள் கேட்டால், நாக்கு முதிர்ந்தது பாதிக் காரணம், காயே மாறிப்போனது மீதிக் காரணம்.

காயைப் போல நாக்கும் ஆளுக்கு ஆள் மாறும். 1931இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்பவர் பிடிசி என்ற பொடியைக் கொட்டும்போது தூள் பறந்தது. பக்கத்திலிருந்தவர் கசக்கிறதே என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருவரும் மாறிமாறி நக்கிப் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து தொடங்கிய தேடல், 2003இல் நாக்கிலுள்ள ஒரு கசப்பு ஏற்பியின் மரபணுவில் வந்து நின்றது. கோஸ் குடும்பத்திலிருந்து வரும் கோய்ட்ரின் என்ற பொருளின் மூலக்கூற்றில், பிடிசியில் உள்ள அதே கந்தகக் கொக்கி இருக்கிறது. பிடிசி கசக்கிறவர்களுக்குக் கோஸ் குடும்பமும் கூடுதலாகக் கசக்க வாய்ப்புண்டு. ஒரே பொரியலை வைத்து அண்ணனும் தங்கையும் அடித்துக்கொண்டால், தங்கையைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இனி அடுப்பு. கோஸை நெருப்பில் வைத்ததும் இரண்டு கடிகாரங்கள் ஓடத் தொடங்குகின்றன.

முதல் கடிகாரம் நொதியினுடையது. சூடேறும்போது ஆரம்பத்தில் மைரோசினேஸ் இன்னும் சுறுசுறுப்பாகும். இன்னும் சூடேறினால் செத்துப்போகும். இளஞ்சூட்டில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு நெடியும் கசப்பும் கூடும். நீளமாக மெல்லிசாக அரிந்த கோஸ், சூடான வாணலியில் விழுந்ததும் அந்த இளஞ்சூட்டைச் சீக்கிரம் கடந்துவிடும். களைக்கோஸ் ஒரு பந்து. இலைகள் இறுக்கி அடுக்கியிருப்பதால் சூடு நடுவுக்குப் போய்ச்சேர நேரமாகும். கசப்புப் பொருள் அதிகம் இருப்பதும் நடுவில்தான். முழுசாகப் போட்டால் வெளியே குழையும். உள்ளே நொதி சாவகாசமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் பாதியாக வெட்ட வேண்டும் என்பது. ஆங்கிலேயர்கள் காம்பில் கத்தியால் சிலுவைக் கீறல் போடுவார்கள், அது போதாது.

இரண்டாவது கடிகாரம் கந்தகத்தினுடையது. வேகவேக, கோஸிலுள்ள வேறு கந்தகச் சேர்மங்களும் உடையத் தொடங்கும். டைமெத்தில் டைசல்ஃபைடு, டைமெத்தில் டிரைசல்ஃபைடு, கடைசியாகக் கூமுட்டைக்குச் சொந்தமான ஹைட்ரஜன் சல்ஃபைடு. சமையல் வேதியியல் எழுதிய ஷெர்லி காரிஹர் ஒரு கணக்கு சொல்வார்: கோஸ் வேகும்போது ஐந்தாவது நிமிடத்திலிருந்து ஏழாவது நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரண்டு மடங்காகிவிடும். இரண்டு நிமிடம் என்பது போனில் யாரோ கூப்பிட்டு, “அப்புறம் பேசறேன்” என்று வைக்கிற நேரம். அதற்குள் பொரியல் கைமீறிப் போகலாம்.

குக்கர் இந்த இரண்டாவது கடிகாரத்தை வேகமாக ஓட்டுகிறது. தேன்கனிக்கோட்டை உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93. மலையேற ஏறப் பருப்பு வேக நேரமாகிறது என்று எங்கள் பக்கத்து வீடுகளில் எதற்கெடுத்தாலும் குக்கரைத்தான் எடுப்பார்கள். பருப்புக்கு அது சரி. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை நெருங்கும், விசில் வரும் நேரம் தவிர வாயுவுக்கு வெளியேற வழியும் கிடையாது. கோஸுக்கு வேண்டியதற்கு நேரெதிரான பாத்திரம்.

மூடிக்கு வருகிறேன். கோஸ் பொரியலுக்கு மூடி போடக்கூடாது என்று சொல்லும் அம்மாக்களும், தண்ணீர் தெளித்து மூடி வைத்தால்தான் மெத்தென்று வேகும் என்று சொல்லும் அம்மாக்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நான் முதல் கட்சி. காய் வேகும்போது அதிலிருந்து ஆவியாகும் அமிலங்கள் வெளியேறும். மூடினால் அவை மூடியில் முட்டி, துளியாகித் திரும்பக் காயின்மேல் விழும். பச்சையத்தின் நடுவே ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. அமிலம் பட்டால் அந்த அணு கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்காரும். பளிச்சென்ற பச்சை, மங்கிய ராணுவப் பச்சையாகும். கந்தக ஆவிகளும் திறந்திருந்தால் ஜன்னல் வழியே போய்விடும். சிலர் பச்சை போகாமலிருக்க ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போடுவார்கள். நிறம் நிற்கும், காய் கூழாகும், வைட்டமின் சி போகும். வேண்டாம்.

தைராய்டு பற்றி யாராவது கேட்பார்கள். 1928இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முயல்களுக்குக் கோஸையே முக்கியத் தீனியாகக் கொடுத்துவந்தபோது அவற்றுக்குக் கழுத்துக் கழலை வந்தது. அங்கிருந்துதான் ‘தைராய்டு இருந்தால் கோஸ் தொடாதே’ என்ற அறிவுரை கிளம்பியது. முயலுக்குக் கிடைத்தது பச்சைக் கோஸ், அதுவும் பெரும்பாலும் கோஸ் மட்டுமே. நாம் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம், நொதி செத்துப்போகிறது, உப்பில் அயோடின் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கரண்டி பொரியல் சாப்பிடுகிறவருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் காலையில் பச்சைக் கோஸ் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடிக்கிறவர் டாக்டரைப் பார்த்துவிட்டுக் குடிக்கட்டும்.

மறுநாள் மீதியிருந்த அரைக் கிலோவை எடுத்தேன். அடிக்காம்பைச் சீவி, வாடிய மேலிலைகளைக் கழற்றி, நெட்டுக்குத்தாகப் பாதியாக வெட்டினேன். வெட்டியதும் உள்ளே தெரிகிற அமைப்பைப் பார்க்கவேண்டும்: நடுவில் வெள்ளைத் தண்டு, அதிலிருந்து இருபுறமும் மடிந்து மடிந்து ஏறும் மஞ்சள் இலைகள், கோபுரத்தை நெட்டாக அறுத்த மாதிரி. பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர், உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது போட்டேன். தண்ணீர் நிறைய வேண்டும் என்பதற்கு இரண்டு காரணம். காய் விழுந்ததும் கொதி அடங்காமல் நொதியை உடனே முடித்துவிடும். கசப்புப் பொருள்கள் தண்ணீரில் கரைகிறவை என்பதால் வெட்டுவாய் வழியாக ஓரளவு வெளியேறிவிடும். நான்கே நிமிடம், மூடாமல். வடித்து, ஈரத்துணியில் இல்லை, காய்ந்த துணியில் பரப்பினேன். ஈரம் இருந்தால் அடுத்த கட்டம் நடக்காது.

அடுத்த கட்டம் தோசைக்கல். தண்ணீர் இருக்கும்வரை காயின் மேற்பரப்பு கொதிநிலையைத் தாண்டாது. ஈரம் வற்றினால்தான் 140 டிகிரி போகும். அங்கே சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பொன்னிறமாகி, நூற்றுக்கணக்கான புது வாசனைகளை உண்டாக்கும். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் மையார் பெயரில்தான் இன்றும் இந்த வினை இருக்கிறது. முறுகிய தோசையின் அடிப்பக்கமும், கடலை வறுக்கிற மணமும் இந்த வகைதான். கல் காய்ந்ததும் கடலெண்ணெய் விட்டு, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். கிண்டவே கூடாது. கிண்டாமல் ஐந்து நிமிடம் நிற்கத்தான் கை பழகவேண்டும். கரண்டியால் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன்: வெள்ளைத் தண்டு தேன் நிறத்தில் இருந்தது, இலை ஓரங்கள் கருகலுக்கு ஒரு படி முன்னால் முறுகியிருந்தன. வீட்டில் வறுகடலை மணம்.

உப்பு கசப்பைத் தணிக்கும் என்பது நாக்குக்குத் தெரிந்ததுதான். 1997இல் பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இருவர் அதைச் சோதித்துக் காட்டினார்கள்: சோடியம் கசப்பை அடக்க, அடியிலிருந்த இனிப்பு மேலே வந்தது. பாகற்காயில் உப்புப் பிசறி வைக்கிறோமே, அதில் கசப்புச் சாறு வடிவது ஒரு பாதி, இது இன்னொரு பாதி. நம் பொரியலில் தேங்காய்த் துருவல் கொஞ்சம் இனிப்பும் கொழுப்பும் கொண்டுவருகிறது. பெருங்காயமும் கந்தகக் குடும்பம்தான். பச்சையாக நாறுகிற அது, எண்ணெயில் பொரிந்ததும் வெங்காயம் பூண்டு வதக்கிய மணமாகிவிடும். கோஸுக்குப் பெருங்காயம் போட்டவர், கந்தகத்துக்குக் கந்தகத்தையே துணையாகக் கூட்டி வந்திருக்கிறார். பாதி காயை இப்படிக் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் தூவி இறக்கினேன்.

இன்னொரு பாதிக்குக் கன்னட வழி. எங்கள் ஊரில் பொரியலைப் பல்யா என்று சொல்லும் வீடுகளில் சாசிவெ என்று ஒன்று செய்வார்கள். பச்சைக் கடுகு, தேங்காய், பச்சைமிளகாய் மூன்றையும் அரைத்துத் தயிரில் கலப்பது. கடுகைத் தாளிக்கும்போது எண்ணெய்ச் சூட்டில் அதன் மைரோசினேஸ் செத்துவிடுகிறது. மிஞ்சுவது வறுபட்ட மணம். சாசிவெயில் கடுகு பச்சை, நொதி உயிரோடு இருக்கும். வெந்த கோஸில் நொதி போய்விட்டது, ஆனால் குளுக்கோசினோலேட் ஓரளவு மிச்சமிருக்கிறது. குச்சி இருக்கிறது, பட்டை இல்லை. கடுகு விழுது அந்தப் பட்டையைக் கொண்டுவருகிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் வேகவைத்த புரோக்கோலியில் கடுகுப்பொடி தூவிச் சோதித்துப் பார்த்தார்கள். புரோக்கோலியும் பிராசிகா ஒலரேசியாதான். 1992இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பால் தலாலேயின் குழு புரோக்கோலியிலிருந்து பிரித்தெடுத்த, உடம்பின் நச்சு நீக்கும் நொதிகளைத் தூண்டுகிற சல்ஃபோரஃபேன் என்ற பொருள், கடுகு தூவிச் சாப்பிட்டவர்களின் உடலில் நான்கு மடங்குக்கு மேல் சேர்ந்தது. அந்த ஆய்வு 2018இல் வந்தது. இதைக் காட்டிச் சாசிவெ புற்றுநோய்க்கு மருந்து என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாமல் இருந்தால் சரி. வெந்த காய்க்குக் கடுகு நொதியைக் கடன் கொடுக்கிறது என்பது வரைதான் அந்த ஆய்வு பேசுகிறது.

சாசிவெயை அடுப்பை அணைத்து, காய் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபிறகுதான் சேர்க்கவேண்டும். கொதிக்கக் கொதிக்கக் கொட்டினால் நொதி போய்விடும், தயிரும் திரிந்துவிடும். கலந்து பத்து நிமிடம் வைத்தேன். முதல் வாயில் முறுகிய இனிப்பு, பின்னாலேயே மெல்லிய நெடி மூக்குவரை ஏறி நின்றது. ராகிக் களியோடு இரண்டையும் வைத்துக்கொண்டு சாப்பிட்டால், தாளித்த பாதி முதலில் தீர்ந்துபோகும் என்று நினைத்திருந்தேன். சாசிவெப் பாதிதான் தீர்ந்தது.

எதிர்வீட்டம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, கூடவே ஒரு கேள்வி, “இது எங்க சார் கிடைக்குது?” கெலமங்கலம் ரோட்டுத் தோட்டத்தைச் சொன்னேன். அவர் மறுநாள் போனபோது ஆடுகள் முந்திக்கொண்டிருந்தன.